யாரும் பேசாத வீரன்

“பாஸ்வேர்டு சொல்லுங்க.”

கஸ்டமரிடம் எதை வேண்டுமானாலும் கேள், பாஸ்வேர்டை மட்டும் கேட்காதே என்று கம்ப்யூட்டர் ரிப்பேர் கடையில் சேர்ந்த அன்றே முதலாளி ராபர்ட் அண்ணன் சொல்லியிருந்தார். நாளைக்கு எது காணாமல் போனாலும் பழி நம் தலையில்தான் விழும் என்பது அவர் கணக்கு. பூவிழி கேட்டேவிட்டாள். எதிரே நிற்பவன் திரையைக் காட்டுவதும் தலை குனிவதுமாக இருந்தால் அவள்தான் என்ன செய்வாள்?

பழவேற்காடு கடைத்தெரு மழையில் கரைந்துகொண்டிருந்தது. அவன் தொப்பலாக நனைந்திருந்தான். லேப்டாப் மட்டும் நனையவில்லை. பள்ளிக்கூடத்தில் இலவசமாகக் கொடுத்த பழைய லேப்டாப். மூடியில் நெயில் பாலிஷால் ‘பிரியா’ என்று எழுதியிருந்தது.

“வாய்ல இன்னா வெச்சிருக்கீங்க? சொன்னாத்தான தெரியும்?”

அவன் தொண்டையைச் செருமினான். ரொம்ப நாள் ஓடாத படகு எஞ்சின் மாதிரி குரல் முதலில் திக்கி, அப்புறம்தான் பிடித்துக்கொண்டது.

“கோச்சிக்காதீங்க... பேசி நாளாச்சு.”

அப்போதுதான் நிமிர்ந்தான். மழைக்கு முன்னால் ஏரி அசையாமல் கறுத்து நிற்குமே, அந்தக் கண்கள்... பூவிழி சட்டென்று கீபோர்டைப் பார்த்துக்கொண்டாள்.

விஷயம் ஒரு விளையாட்டு. கோட்டை, காடு, நெருப்பு கக்கும் பறவை, நடுவில் வாளோடு அவனுடைய வீரன். சண்டையெல்லாம் சரியாகத்தான் நடக்கிறது. ஊருக்குள் போனால் மட்டும் ஒருவரும் அவனோடு பேசுவதில்லை. கொல்லன் பேசவில்லை, காவல்காரன் பேசவில்லை, தண்ணீர் சேந்துகிறவளும் பேசவில்லை. யாராவது வாய் திறந்து ஒரு வேலை சொன்னால்தான் கதை நகரும். பூவிழி விளையாட்டை அழித்து மறுபடி ஏற்றினாள். பாஸ்வேர்டு போட்டு, அவன் சேமித்து வைத்ததை எல்லாம் திரும்ப இறக்கினாள். ஊர் அப்போதும் ஊமையாகவே இருந்தது.

“எப்பலேர்ந்து இப்டி?”

“மூணு வாரம் இருக்கும்.”

“மூணு வாரமா இன்னா பண்ணினு இருந்தீங்க?”

“கவனிக்கல.”

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “ஊரே மூஞ்சியத் திருப்பிக்கிது, அது கூடவா தெரியல?”

“ஊர்னா அப்டித்தான்னு நெனச்சிட்டேன்.”

சிரிப்பு பாதியில் நின்றது. எந்த ஊர் என்று கேட்டாள். பக்கத்துக் குப்பம். பெயர் பிரசாந்த். அதற்கு மேல் அவன் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஸ்டேஷனுக்குப் போன வீடு.

அவன் தங்கை மோகனப்பிரியாவை, படகுகள் வைத்திருக்கும் ஒரு பெரிய ஆளின் மகன் கையைப் பிடித்து இழுத்தான். கிராமத்தில் சொல்லாமல் அவள் நேரே போலீசுக்குப் போனாள். இழுத்தது குற்றமில்லையாம், ஊரைத் தாண்டிப் போனதுதான் குற்றமாம். கேஸை வாபஸ் வாங்கி, கோயில் வாசலில் ஊர் காலில் விழும்வரை அந்த வீட்டோடு யாரும் பேசக்கூடாது. பேசினால் பேசுகிற வீட்டுக்கும் அதே கதி. இரண்டு குப்பமும் கூடி எடுத்த முடிவை எழுந்து நின்று சொன்னவர் பூவிழியின் அப்பா மாணிக்கம். அவள் அப்போது ஹாஸ்டலில் மூன்றாம் வருஷப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். அவள் வீட்டில் முதல் பட்டதாரி அவள்தான் என்று அப்பாவுக்கு ஊரெல்லாம் பெருமை.

“நீங்க மாணிக்கம் பொண்ணுனு தெரியும்” என்றான் அவன். “அதான் மொதல்ல பேசல. மாட்டி வுடக் கூடாதுனு.”

அவன் லேப்டாப்பை மறுபடி பாலிதீன் பையில் சுற்றத் தொடங்கினான். பூவிழிக்குக் கோபம் பொங்கியது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

“வெச்சிட்டுப் போங்க. நாளைக்கு வாங்க.”

மறுநாள் அவன் வந்தபோது அவள் வீரனை உரித்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொன்றாகக் கழற்று, ஊருக்குள் நடக்கவிடு, பார். செருப்பைக் கழற்றினாள். வாள், கேடயம், இடுப்புக் கச்சை... எதற்கும் யாரும் பேசவில்லை. கடைசியாகத் தலையிலிருந்த கறுப்பு முக்காடு. அதன் அடியில் பொடி எழுத்தில் இங்கிலீஷில் எழுதியிருந்ததை அவனுக்குப் படித்துச் சொன்னாள். இதைப் போட்டிருப்பவன் ஊரார் கண்ணுக்குத் தெரியமாட்டான்.

“இத ஏன்யா மாட்டினீங்க?”

“அதுலதான் அடி கம்மியா வுழும்.”

முக்காட்டைக் கழற்றினாள்.

சந்தையே திரும்பிப் பார்த்தது. கொல்லன் கூப்பிட்டான். காவல்காரன் வணக்கம் சொன்னான். தண்ணீர் சேந்துகிறவள், எங்கே போயிருந்தாய் இத்தனை நாளாய் என்று கேட்டாள். ஓட்டை ஸ்பீக்கரில், அவனுக்குப் புரியாத பாஷையில், அத்தனை குரல்கள்... பிரசாந்த் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டான். அவன் தோள் குலுங்குவதைப் பார்க்காதவள்போல பூவிழி ஜன்னல் பக்கம் திரும்பி மழையைப் பார்த்தாள். மழை ஒன்றும் தெரியவில்லை. அவள் கண்ணும் அந்த லட்சணத்தில்தான் இருந்தது.

அதற்கப்புறம் சார்ஜர் கெட்டது, சவுண்டு வரவில்லை என்று அவன் அடிக்கடி வந்தான். எதுவும் கெட்டிருக்காது. “இதுக்கு இன்னா வியாதினு டாக்டரம்மா சொல்லணும்” என்பான். “பொய்தான் வியாதி” என்பாள். பேசப் பேச அவன் குரலிலிருந்த துரு உதிர்ந்தது. சிரித்தால் இடது கன்னத்தில் ஒரு குழி... அதைப் பார்ப்பதற்காகவே அவள் இல்லாத ஜோக்கெல்லாம் சொன்னாள். மற்றதையும் அவன் சொன்னான். ஃபைபர் படகைத் தண்ணீருக்குத் தள்ள ஊரில் ஒரு கை வராது. அது மணலில் சாய்ந்தே கிடக்கிறது. ஏரியில் நண்டு பிடித்து, தெரிந்தவர் இல்லாத சுண்ணாம்புக்குளத்தில் கொண்டுபோய் விற்கிறான். அப்பா செத்தபோது தூக்க ஆள் வரவில்லை.

சேதி மாணிக்கத்தின் காதுக்குப் போனது. அவர் கத்தவில்லை. அந்தப் பையன் வந்து ஒரு தரம் விழுந்து கேஸை முடித்தால், பேசு, கட்டிக்கொள்ளவே கட்டிக்கொள் என்றார். பூவிழி அதைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். பாலத்துக்கு அடியில், தூறலில் நின்று கேட்டாள்.

“ஒரு தரம்தான? எனக்காக...”

“எனக்காகனா நாளைக்கே வுழுவேன். உனக்காகனா இப்பவே வுழுவேன்.” முதன்முதலாக ‘உனக்கு’ என்றான். “ஆனா கேஸு பிரியாவுது. அத வெச்சி நான் எப்டி உன்ன வாங்கறது?”

“திமிரு” என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தாள். அவன் பின்னால் வரவில்லை. கடைக்கும் வரவில்லை. ராபர்ட் அண்ணன் ஒன்றும் கேட்காமல் டீ வாங்கி வைத்தார். ஆறிப்போனது.

அந்த வாரம் முழுக்க அவள் தன்னையே கேட்டுக்கொண்டாள். அவன் விழுந்தால் மண்ணில் கிடக்கப்போவது யார்? அவனில்லை. புகார் கொடுத்த அந்தப் பெண். அதைத்தானா காதல் என்ற பேரில் கேட்டேன்?

ஞாயிற்றுக்கிழமை ஊர்ப் பெரியவர்கள் வீட்டுக்கே வந்து உட்கார்ந்தார்கள். மாணிக்கம் மகளைக் கூப்பிட்டார். தெரியாமல் பேசிவிட்டதாக ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதுமாம், வந்தவர்கள் எழுந்து போய்விடுவார்களாம்.

“தெரிஞ்சுதான் பேசினேன், நைனா” என்றாள் பூவிழி. “எனக்கு அவனப் புடிச்சிருக்கு. ரொம்பப் புடிச்சிருக்கு. கேஸுக்கு பிரியாகூட பொன்னேரி கோர்ட்டுக்குப் போறது நான்தான். காலையிலயே அவகிட்ட சொல்லிட்டேன்.”

அம்மா சமையலறை நிலைப்படியில் உட்கார்ந்துவிட்டாள். மாணிக்கம் மற்றவர்களைப் பார்க்கவில்லை, மகளையே பார்த்தார்.

“உங்கம்மாகூட யாரும் பேசமாட்டாங்கடி. அவ இன்னா பண்ணா?”

“அம்மா ஒண்ணும் பண்ணல. பிரியாவோட அம்மாவும் ஒண்ணும் பண்ணல.” அப்பாவுக்கு நேர் எதிரே வந்து நின்றாள். “பூவிழின்னு ஒருத்தி இந்த வூட்ல இல்லனு எழுந்து நின்னு சொல்லிடு. நீதான சொல்வ எப்பவும்?”

கதவுக்குப் பின்னால் பை தயாராக இருந்தது. இரண்டு சுடிதார், டிகிரி சர்டிபிகேட். தோளில் மாட்டிக்கொண்டு படியிறங்கினாள்.

எதிர் வீட்டு இருசம்மாள் வலை பின்னிக்கொண்டிருந்தாள். ஹாஸ்டலுக்குப் போகும்போதெல்லாம் கருவாடு கட்டிக் கொடுத்தவள். பூவிழி சிரித்தாள். இருசம்மாள் கையிலிருந்த வலையை இழுத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

பூவிழி பையைச் சரிசெய்துகொண்டு பக்கத்துக் குப்பத்தைப் பார்த்து நடந்தாள்.