பிளவுகல் அம்மி

கிரைண்டர் கல் மோதுகல்லாம், அதில் மாவரைத்தால் மாமியாருக்கும் மருமகளுக்கும் ஒத்துப்போகாதாம், என்ன பரிகாரம் என்று கேட்டு, மகளின் கல்யாணத்தன்று காலையிலும் சுகந்திக்கு ஒரு தொலைபேசி வந்தது. புடவைக் கொசுவத்தை ஒரு கையில் பிடித்தபடியே, உளுந்தை நன்றாக ஊறவைப்பதுதான் பரிகாரம் என்று சொல்லி வைத்துவிட்டாள்.

யாரை நொந்து என்ன பயன்? பிறப்புமானியைக் கண்டுபிடித்தவளே அவள்தான். உள்ளங்கை அளவுக் கருவி அது. கருங்கல்லின் மேல் வைத்தால், குவார்ட்சுக்கும் ஃபெல்சுபாருக்கும் நடுவே ஒளிந்திருக்கும் பொடிப்பொடியான சிர்க்கான் மணிகளைத் தேடிப் பிடிக்கும். மணிக்குள் எவ்வளவு யுரேனியம் ஈயமாக மாறியிருக்கிறது என்று பார்த்துக் கல்லின் வயதைச் சொல்லும். நையோபியம், இட்ரியம் போன்ற தனிமங்களின் அளவை வைத்து, அது பிறந்த விதத்தையும் சொல்லும். கடலடித் தட்டு கண்டத்துக்கு அடியில் அமிழும்போது, கூடவே போன நீரால் பாறை உருகிப் பிறந்தால் அமிழ்கல். இரண்டு கண்டங்கள் முட்டிக்கொண்டு, தடித்துப்போன நிலம் அடியில் வெந்து உருகினால் மோதுகல். கண்டம் இழுபட்டுப் பிளக்கும் இடத்தில் உருகி எழுந்தால் பிளவுகல். திருட்டுத்தனமாக வெட்டிய கல் எந்த மலையுடையது என்று கண்டுபிடிக்கத்தான் அதைச் செய்தாள். மலைத் திருடர்கள் பிடிபட்டார்களோ இல்லையோ, ஜோசியர்கள் கருவியைப் பிடித்துக்கொண்டார்கள்.

மூன்றே வருஷம். மோதுகல் பதித்த வீட்டில் சண்டை, அமிழ்கல் வாசற்படியில் குடும்பம் மூழ்கும், பிளவுகல்லை மிதித்த தம்பதி பிரிவார்கள் என்று நாடே பேச ஆரம்பித்துவிட்டது. இந்த மூன்றையும் தள்ளிவிட்டால் கருங்கல்லில் மிச்சம் என்ன இருக்கிறது? அதனால் கல்யாணங்களில் பிளாஸ்டிக் அம்மி வந்துவிட்டது. சுகந்தி தொலைக்காட்சியில் போய்க் கத்தினாள். கல் உருகியபோது பூமியில் புல்கூட முளைக்கவில்லை, அதற்கு உங்கள் வீட்டுச் சண்டை எப்படித் தெரியும் என்று கேட்டாள். நிகழ்ச்சி முடிந்ததும் நடத்துநர் தன் வீட்டுச் சமையல் மேடையின் படத்தைக் காட்டி, இது பரவாயில்லையா மேடம் என்றார்.

சொந்த மகள் நிறைமதியின் கல்யாணத்திலாவது இந்தக் கூத்துக்கு ஒரு முடிவு கட்டிவிட வேண்டும் என்று சுகந்தி உறுதியாக இருந்தாள். சோதிக்காத, சான்றிதழ் இல்லாத நிஜக் கருங்கல் அம்மிதான் வேண்டும் என்று ராசிபுரம் மண்டபக்காரரிடம் சண்டை போட்டு வரவழைத்தாள். நிறைமதிக்கும் அதில் சந்தோஷம்தான். அவளுக்கு இதிலெல்லாம் சுத்தமாக நம்பிக்கை இல்லை.

தாலி கட்டி முடிந்து அம்மி மிதிக்கும் நேரம் வந்தது. மாப்பிள்ளையின் பெரியப்பா ரத்தினசபாபதி, ஜிப்பா பைக்குள்ளிருந்து பிறப்புமானியை எடுத்தார்.

"கோவிச்சுக்காதீங்க சம்பந்தி. சும்மா ஒருக்கா வச்சுப் பாத்துக்கறனுங்க."

வைத்தார். வயது எண்பது கோடி ஆண்டு, பிளவுகல் என்று கருவி கணீரென்று அறிவித்தது. மேளம் நின்றது. எழுநூறு பேரும் பந்திக்குப் போகிற நினைப்பை மறந்து நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். பிளாஸ்டிக் அம்மி வண்டியிலேயே இருக்கிறது, ஐந்து நிமிஷத்தில் வந்துவிடும் என்றார் பெரியப்பா.

சுகந்திக்கு வந்ததே கோபம். ஐயர் கையிலிருந்த ஒலிவாங்கியை வாங்கினாள். எண்பது கோடி வருஷத்துக்கு முன்னால் நிலம் பிளந்தால் பிளந்துவிட்டுப் போகிறது, அந்தப் பிளவில் ஏறிய பாறைக்குழம்பு லட்சக்கணக்கான வருஷம் ஆற அமர உறைந்து இவ்வளவு கெட்டிப்பட்டிருக்கிறது, இதை உடைக்க உங்களால் முடியுமா என்று கேட்டாள். என் மகள் இந்தக் கல்லைத்தான் மிதிப்பாள், இல்லையென்றால் அம்மியே வேண்டாம் என்றாள். சொல்லி முடித்தபோது அவளுக்கு மூச்சு வாங்கியது.

ரத்தினசபாபதி கருவியை அணைத்துப் பைக்குள் போட்டார்.

"கருவியைச் செஞ்சவங்களே ஒண்ணுமில்லைன்னு சொல்றப்ப, எங்களுக்கு என்னங்க? நடத்துங்க."

இவ்வளவு சுலபமாக அவர் ஒத்துக்கொள்வார் என்று சுகந்தி எதிர்பார்க்கவே இல்லை. வாதாட இன்னும் பத்து காரணங்கள் வைத்திருந்தாள். இப்போது எதிரில் ஆளில்லை. மேளம் மறுபடி தொடங்கியது. மாப்பிள்ளை குனிந்து நிறைமதியின் பாதத்தைப் பிடித்துத் தூக்கினான். மருதாணி போட்ட விரல்கள் கல்லுக்கு ஒரு சாண் மேலே நின்றன. சுகந்தி, ஒன்றுமில்லை, வெறும் கல் என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். ஏதாவது இருந்தால்? ஒரே பெண்.

"ஒரு நிமிஷம் இருங்க மாப்ள," என்றாள். ஒலிவாங்கி இன்னும் அவள் கையில்தான் இருந்தது. "எதுக்கு வம்பு. அந்த பிளாஸ்டிக் அம்மியையே கொண்டாரச் சொல்லுங்க."

நிறைமதி நிமிர்ந்து அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். பிறகு, கல்லில் பட்டுவிடாமல், மாப்பிள்ளையின் கையிலிருந்து காலைத் தானே பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.