நாலாவது பட்டன்

மழைக்கு ஒதுங்கியவள் போலத்தான் கடைக்குள் நுழைந்தாள்... ஆனால் அவளுக்கு ஒரு ஹப் வேண்டியிருந்தது. விளக்கு, விசிறி, வாசல் கதவு எல்லாவற்றையும் ஒரே இடத்திலிருந்து இயக்கும் ஸ்மார்ட் ஹோம் ஹப்.

"வாயைத் திறந்தா போதும் மேடம், வீடே சொன்னபடி கேக்கும்!" என்றான் விற்பனையாளன். சரியான வாயாடி. ஆனால் அந்தக் கண்கள்... மழையில் கழுவி எடுத்த மாதிரி அத்தனை தெளிவு.

"பேச முடியாதவங்க வந்தா?" கரகரத்த குரலில் கேட்டாள்.

"அவங்க எதுக்கு மேடம் இங்க வரப்போறாங்க?"

"வந்திருக்கேனே... திங்கக்கிழமை ஆபரேஷன். குரல்வளையை எடுத்துடுவாங்க."

வாயாடி நாக்கைக் கடித்துக்கொண்டான். பேச்சுக்குக் கட்டுப்படும் பெட்டிகளை ஓரம் தள்ளிவிட்டு, பட்டன் பலகையோடு வரும் ஹப்பை எடுத்து வைத்தவன் சட்டென்று நிமிர்ந்தான்.

"நீங்க... பஸ் ஸ்டாண்ட்ல அறிவிப்பு சொல்றவங்கதானே? அந்தக் குரலைக் கேக்கவே தினமும் ஒரு பஸ்ஸை விட்டுட்டு நிப்பேங்க..."

போன மாதம் கேட்டிருந்தால் வெட்கப்பட்டிருப்பாள். இப்போது நெஞ்சு எரிந்தது.

"அந்தக் குரல்தான் போகப்போகுதே. யாரோட இரக்கமும் எனக்கு வேண்டாம்."

அந்தப் பட்டன் ஹப்பையே வீட்டில் மாட்டிவிடச் சொல்லி முகவரியை எழுதிப் போட்டுவிட்டு, கொட்டும் மழையிலேயே இறங்கி நடந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை அவனே வந்தான். அவளுடைய அக்கா அடுத்த அறையில் ஆஸ்பத்திரிப் பையை அடுக்கிக்கொண்டிருந்தாள். காலையிலேயே இவளுடைய குரல் வெறும் காற்றாகிவிட்டிருந்தது. ஊருக்கெல்லாம் பஸ் சொன்னவள், இனி ஒரு டம்ளர் தண்ணீர்கூட வாய்விட்டுக் கேட்க முடியாது. அழுது அழுது கண்ணீரும் வற்றிப்போயிருந்தது.

"ஒண்ணு விளக்கு. ரெண்டு விசிறி. மூணு கதவு," என்றான், வாயாடித்தனம் துளியும் இல்லாமல்.

நாலாவதை விரலால் காட்டினாள்.

"அது... என் போன். அழுத்தினா அடிக்கும். நீங்க பேசவே வேண்டாம், நான் வந்துடுவேன்." தொண்டையைச் செருமிக்கொண்டான். "முதல்ல குரலைத்தாங்க விரும்பினேன். ஆனா அன்னைக்குக் கோவிச்சுக்கிட்டு மழையில போனீங்களே... அப்பலேருந்து உங்களைத்தான். இரக்கம் இல்லைங்க. சத்தியமா இல்லை."

'நானும்தான்' என்று சொல்ல வாயைத் திறந்தாள். ஒரே ஒரு வார்த்தை... அதுகூட வரவில்லை. மூச்சு மட்டும்தான் வந்தது.

நாலாவது பட்டனை அழுத்தினாள்.

கையெட்டும் தூரத்தில் நின்றவனின் சட்டைப்பையில் போன் அடித்தது. எடுத்துக் காதில் வைத்தான்.

"வந்துட்டேன்," என்றான்.