யூதப் பள்ளி வாசலில் ஒரு விசில்!

“ஸுல்பிகா...! ஓடி வா...! உன்ர மனுசன் றஊப் காக்கா விழுந்து கிடக்கிறார்...!”

பக்கத்து வீட்டு ஸாலிஹாவின் அலறல்!

ஸுல்பிகா அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடினாள். கிழக்கு அப்போதுதான் வெளுத்துக்கொண்டிருந்தது. திருகோணமலைத் துறைமுகத்துக்கு இறங்கும் குறுக்குத் தெரு. அதன் முனையில் யூதர்கள் தொழும் யூதப் பள்ளி.

பள்ளியின் படிக்கட்டில் அவள் கணவன் றஊப் குப்புறக் கிடந்தான்.

அவன் தலையையும் முதுகையும் ஒரு வெள்ளைச் சால்வை மூடியிருந்தது. ஓரத்தில் கறுப்புக் கோடுகள்... நடுவில் ஊறிப் பரவும் சிவப்பு!

“திறந்து பாராத மகள்...” என்றார் பக்கத்தில் முழங்காலில் இருந்த யூதர் எலியா. “நான்தான் என்ர தொழுகைச் சால்வையாலை மூடினனான். பாக்கிற மாதிரி இல்லை...”

ஸுல்பிகாவுக்கு அழுகை வரவில்லை.

எலியாவின் தகப்பன் கொச்சியிலிருந்து வந்து, வெள்ளைக்காரக் கடற்படைக்குச் சாமான் விற்றவர். அவர் கட்டியதுதான் அந்தச் சின்னத் தொழுகை வீடு. கடற்படை போனது. மற்ற யூதக் குடும்பங்களும் போயின. எலியா மட்டும் போகவில்லை.

1967 ஜூன். எங்கோ தூரத்து நாடுகளில் யுத்தம் என்று றேடியோ சொன்னது. இங்கே யூதப் பள்ளியின் ஜன்னலில் கல் விழுந்தது!

தெரு சும்மா இருக்கவில்லை. முஸ்லிம்களும் கத்தோலிக்கரும் இரண்டிரண்டு பேராக முறை வைத்துக் காவல் நின்றார்கள். அந்தக் காவல் குழுவைக் கூட்டியவர் பிறக்கிராசி இக்னேசியஸ். கோர்ட்டில் வழக்குப் பேசும் வக்கீல்; காணி உறுதிகளும் எழுதுபவர். ஆளுக்கொரு விசில் வாங்கிக் கொடுத்ததும் அவர்தான்.

“ஆபத்தெண்டால் மட்டும் ஊதுங்கோ. சும்மா ஊதிச் சனத்தைக் குழப்பப்படாது!” என்று கட்டளையும் போட்டிருந்தார்.

ஸுல்பிகா குனிந்தாள். றஊபின் வலது கை இறுகப் பொத்தியிருந்தது. விரல்களை ஒவ்வொன்றாக விரித்தாள்.

உள்ளே... விசில்!

அதன் வாயில் பல் பதிந்த தடம். ஊதியிருக்கிறான்... உயிரைக் கொடுத்து ஊதியிருக்கிறான்!

பிறகு ஏன் தெருவில் ஒருவருக்கும் கேட்கவில்லை...?

அவள் அதை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

இன்ஸ்பெக்டர் தங்கரத்தினம் ஜீப்பை விட்டு இறங்கியதும் பள்ளிக் கதவை முகர்ந்தார்.

“மண்ணெண்ணெய்! ஆரோ கொளுத்த வந்திருக்கிறாங்கள். றஊபோட ஆர் காவல்?”

“யோசேப்பு...” என்றாள் ஸாலிஹா.

யோசேப்பு மீன்பிடிக்காரன். கடலிலிருந்து வந்தவனை வள்ளத்தடியிலேயே பிடித்து வந்தார்கள்.

“எங்கையடா போனனீ?”

“கடலுக்கு ஐயா... இண்டைக்கு உனக்குக் காவல் இல்லையெண்டு சொன்னவை...”

“ஆர் சொன்னது?”

அவன் வாயைத் திறக்கும் முன்னரே தெரு முனையில் சத்தம். கூட்டம்!

உடலை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிக்கொண்டு போவதற்குள் கதை ஊரெல்லாம் பரவியிருந்தது. மூதூர் லோஞ்சுப் படகில் வந்திறங்கியவர்களுக்குக்கூட இறங்குதுறையிலேயே அந்தக் கதைதான். றஊப் யூதப் பள்ளியைக் கொளுத்தப் போனானாம்... யூதன் பின்னால் நின்று அடித்துக் கொன்றானாம்... பிணத்தைத் தன் துணியால் மூடினானாம்...!

ஸுல்பிகா வீட்டுக்குள் நின்று அதைக் கேட்டாள்.

கொன்றது போதாதா? காவல் நின்றவனைக் கொளுத்த வந்தவனாகவும் ஆக்கிவிட்டார்களே...!

கதவைச் சாத்திவிட்டு விசிலை எடுத்து ஊதினாள்.

காற்றுத்தான் சீறியது. சத்தம் இல்லை!

வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். உள்ளே சிவப்பாக ஏதோ... இரத்தமா? ஊசியால் கிண்டினாள். துணுக்காக உடைந்து விழுந்தது.

அரக்கு! உறுதிப் பத்திரங்களுக்கு முத்திரை வைக்கும் சிவப்பு அரக்கு!

விசிலை மறுபடி முந்தானையில் முடிந்துகொண்டாள்.

“ஸாலிஹா... உன்ர மனுசன்ர விசிலைத் தா.”

“என்னத்துக்கு? எங்க போறாய்? புருசனை இழந்து வீட்டுக்குள்ள இத்தா இருக்கவேண்டிய பொம்புள நீ...!”

“இருக்கிறன். அவர் முடிக்காத காவல் ஒண்டு கிடக்கு. முடிச்சிட்டு வந்து இருக்கிறன்!”

முன்பின் தெரியாத ஆண்களின் கூட்டத்தை இதுவரை அவள் தனியாகக் கடந்ததில்லை. இன்று கடந்தாள். வழியில் இன்ஸ்பெக்டரிடம் இரண்டே வார்த்தை. முந்தானை முடிச்சு அவர் கைக்கு மாறியது. அவர் புருவம் உயர்ந்தது.

பள்ளி வாசலில் இக்னேசியஸ் நின்றார். வெள்ளைக் கோட், கழுத்துப் பட்டி, முகத்தில் கவலை.

“எலியா, சொன்னாக் கேளுங்கோ! ஜும்மாத் தொழுகை முடிஞ்சு சனம் வந்தால் என்னாலை மறிக்க ஏலாது. சாவியை என்னட்டைத் தந்திட்டுப் பின்னேர றெயிலிலை கொழும்புக்குப் போங்கோ. காணியை நான் பாத்துக்கொள்ளுறன்.”

“நான் போனால், றஊபைக் கொலை செய்தது நான்தானெண்டு ஆயிடும்...” என்றார் எலியா.

“போகாட்டி உங்களையும் கொலை செய்து போடுவாங்கள்!”

“ஐயா...” என்றாள் ஸுல்பிகா.

கூட்டம் சட்டென்று அடங்கியது. செத்தவனின் மனைவி!

“பாவம் தங்கச்சி நீ!” இக்னேசியஸின் குரல் குழைந்தது. “இந்த ஆளுக்குக் கட்டாயம் தண்டனை வாங்கித் தருவன்!”

“இது அவற்ற விசில் ஐயா. நான் ஊதிப் பாக்கேல்ல. நீங்க ஊதுங்கோ... காவல் நிண்ட எல்லாரும் வந்து சாட்சி சொல்லட்டும்.”

அவர் வாங்கினார். வாயில் வைக்கவில்லை. ஒரு கண்ணை மூடிக்கொண்டு உள்ளே உற்றுப் பார்த்தார். பிறகு கூட்டத்தின் பக்கம் திரும்பி உயர்த்திக் காட்டினார்.

“பாருங்கோ! இது எப்பிடி ஊதும்? உள்ளுக்கை அரக்கு அடைச்சிருக்கு! ஆற்ற வேலை இது? இந்தப் பள்ளிக்கை இருக்கிறவற்ற வேலைதான்!”

கூட்டம் உறுமியது. ஒரு கல் பறந்து வந்தது. எலியா நெற்றியைப் பொத்திக்கொண்டு கதவில் சாய்ந்தார்.

“நல்லாப் பாத்தீங்களோ ஐயா?” ஸுல்பிகா கேட்டாள். “அரக்குத்தானோ?”

“என்ர கண்ணாலை பாத்தன் தங்கச்சி!”

அவள் விசிலைத் திரும்ப வாங்கினாள். உதட்டில் வைத்தாள்.

வீ...ஈ...ஈ...ஈ...!

துறைமுகத்துப் புறாக்கள் எல்லாம் எழும்பிப் பறந்தன!

இக்னேசியஸின் முகம் வெளிறியது.

“இது ஸாலிஹா புருசன்ர விசில்! இதில அரக்கு இல்ல... ஒண்டுமே இல்ல!” ஸுல்பிகாவின் குரல் வெடித்தது. “என்ர மனுசன்ர விசில்தான் அரக்கு வச்சு அடைச்சுக் கிடக்கு! அது எனக்குத் தெரியும். அடைச்சவனுக்குத் தெரியும். உங்களுக்கு எப்பிடித் தெரியும்...?”

விசில் கேட்டு ஒழுங்கைகளிலிருந்து காவல்காரர்கள் ஓடி வந்தார்கள். லிங்கநகர்ப் பக்கத்து ஆட்கள், மாதா கோயிலடி ஆட்கள், கடைத்தெரு ஆட்கள். பழகிய பழக்கத்தில் வாசலை மறித்து நின்றார்கள். கல் வைத்திருந்த கைகள் மெல்லக் கீழே இறங்கின.

“இவர்தான் ஐயா!” அதுவரை பயந்து ஒதுங்கியிருந்த யோசேப்பு கத்தினான். “இவர்தான் எனக்குக் காவல் இல்லையெண்டு சொன்னவர்!”

தங்கரத்தினம் அடைபட்ட விசிலை உள்ளங்கையில் வைத்துக் காட்டினார்.

“துறைமுகம் பாத்த இந்தப் பள்ளிக் காணியை விலைக்குக் கேட்டீங்கள்... கல்லெறிஞ்சு பயப்படுத்திப் பாத்தீங்கள். எலியா விக்கேல்லை. யோசேப்பை மறிச்சு, றஊபின்ர விசிலையும் அடைச்சுப் போட்டுக் கொளுத்த வந்தீங்கள். றஊப் கண்டிட்டான். தெரிஞ்ச முகமெண்டு பயப்படாமல் கிட்ட வந்திருப்பான்... என்ன?”

“அவன் வழியை விட்டிருக்கலாம்...” இக்னேசியஸ் முணுமுணுத்தார். “விலகு எண்டு சொன்னனான்... விலகேல்லை...”

ஸுல்பிகா அந்த வார்த்தையைக் கேட்டுக்கொண்டே படியில் உட்கார்ந்துவிட்டாள்.

விலகவில்லை!

அப்போதுதான் அழுதாள். வாய்விட்டு, ஊர் பார்க்க அழுதாள்.

எலியா நெற்றி இரத்தத்தோடு வந்து எதிரே நின்றார்.

“மகள்... என்னாலைதானே...”

“உங்களால இல்ல ஐயா.” அவள் கண்ணைத் துடைத்தாள். “அந்தச் சால்வை... கபன் துணி சுத்த முந்தி ஆஸ்பத்திரியில எடுத்துத் தந்திருவாங்க. கழுவித் தாறன்.”

“வேண்டாம் மகள். அது அப்பிடியே இருக்கட்டும்.”

கைவிலங்கு மாட்டியதும் இக்னேசியஸுக்குத் தொழில் ஞாபகம் வந்துவிட்டது. நெஞ்சை நிமிர்த்தினார்.

“இனி ஒரு வார்த்தையும் கதைக்கமாட்டன்! முதல்லை நான் ஒரு பிறக்கிராசியோடை கதைக்கவேணும்!”

தங்கரத்தினம் கதவைத் திறந்து அவரை உள்ளே தள்ளினார்.

“தாராளமாக் கதையுங்கோ... ஜீப்பிலை கண்ணாடி இருக்கு!”