வேண்டாத ரத்தம்

ஊசி ஏறியிருந்தது இடது கையில். அது ரத்தத்தை இழுப்பதோ கண்களுக்குப் பின்னாலிருந்து இழுப்பதுபோல் இருந்தது.

அவள் அதை யாரிடமும் சொல்லவில்லை. துணிக்கடையின் மாடி முழுவதையும் ஒற்றைப் பார்வையில் ஆட்டிவைக்கிற மேற்பார்வையாளர் அவள். நாள் முழுக்க நிற்க முடியாமல் துணி அடுக்குகளுக்கிடையே மயங்கி விழுகிற விற்பனைப் பெண்களை நிறையப் பார்த்தாயிற்று. சோகை பிடித்த ஜென்மங்கள். முகத்தில் தண்ணீரை அடித்தால் தானாக எழுந்து நிற்கும்.

அவளுக்கு வந்திருப்பது அதற்கு நேர்மாறான வியாதி. தின்பதிலுள்ள இரும்பையெல்லாம் உடம்பு விடாமல் சேர்த்துவைத்துக்கொள்கிறது, அப்படியே விட்டால் கல்லீரல் கெட்டுவிடும், அவ்வப்போது வந்து ஒரு பை ரத்தம் கொடுத்துவிட்டுப் போங்கள் என்றார் டாக்டர். அதில்கூட அவளுக்கு ஒரு பெருமைதான். மற்றவர்கள் ரத்தமில்லாமல் சுருண்டு விழ, தனக்கு எடுத்துக் கொட்டுமளவுக்கு இருக்கிறதே.

"சாப்பிட்டுட்டுதானே வந்தீங்க?" என்றாள் நர்ஸ்.

"அதெல்லாம் ஆச்சு. நீ உன் வேலையைப் பாரு."

ஆகவில்லை. காலையிலிருந்து பச்சைத்தண்ணீர்கூடப் பல்லில் படவில்லை. அதையெல்லாம் இந்தச் சின்னப்பெண்ணிடம் ஒப்பிக்க வேண்டுமா என்ன.

பக்கத்து ஸ்டூலில் தங்கை உட்கார்ந்திருந்தாள். புருஷன் விட்டுப்போன நாளிலிருந்து அக்கா வீட்டில் ஒட்டிக்கொண்டவள். போட்டதைத் தின்று, சொன்னதைச் செய்கிற வாயில்லாப் பூச்சி.

"அக்கா, முகமெல்லாம் ஒரு மாதிரி வெளுத்திருக்கு."

"உன் மூஞ்சியைக் கண்ணாடியில பார்த்திருக்கியா நீ?"

தங்கை தலை குனிந்துகொண்டாள்.

ஜன்னலில்லாத அந்த அறையில், தரை கழுவிய மருந்தின் நெடிக்கு அடியில் துருப்பிடித்த ஆணியை நாக்கில் வைத்ததுபோன்ற இன்னொரு வாசனை மெல்ல எழுந்துவந்தது; ஏசியிலிருந்து சொட்டிய தண்ணீர் வாளியில் விழும் ஓசைக்கும், நாற்காலிக்குக் கீழே ரத்தப் பையைத் தாலாட்டிக்கொண்டிருந்த சிறிய இயந்திரத்தட்டின் கிறீச்சிடலுக்கும் நடுவில், அவளுடைய நெஞ்சின் துடிப்பு மட்டும் எங்கோ தொலைவில், வேறு யாருடையதோபோல் கேட்டது. கொட்டாவி வந்தது. அடுத்தடுத்து வந்தது. பிடரியில் வேர்வை குளிர்ந்து இறங்கியது. குழல்விளக்கின் வெளிச்சம் ஓரங்களில் கருகிச் சுருங்கியது.

'நர்ஸ்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொல்லிவிட்டால் அந்தப் பெண்களுக்கும் அவளுக்கும் என்ன வித்தியாசம்? பல்லைக் கடித்துக்கொண்டாள்.

காது அடைத்தது. கால் இல்லை. வயிறு இல்லை. தோளிலிருந்து முழங்கைக்கு ஏதோ வழுக்கிக்கொண்டு இறங்கியது. ஊசியின் குறுகலான வாய். அதற்குள் நெருக்கியடித்துக்கொண்டு ஒரு நுழைவு.

பிறகு வெதுவெதுப்பு. ஆட்டம். இப்படியும் அப்படியும்.

கண்ணெதிரே எல்லாம் சிவப்பு. மங்கலான சவ்வுக்கு வெளியே, தலைக்கு மேலே, ஒரு நாற்காலியின் அடிப்பாகம் தெரிந்தது. அதிலிருந்து தொங்கும் இரண்டு கால்கள்.

அவளுடைய கால்கள்.

"கண்ணைத் தொறந்துட்டாங்க," என்றது நர்ஸின் குரல். "மயக்கமா வந்தா சொல்லக்கூடாதா? பயந்தே போயிட்டேன்."

"ஒண்ணுமில்லம்மா. உனக்குத்தான் வீண் சிரமம்."

அவளுடைய குரலேதான். ஆனால் முள்ளை எடுத்துவிட்ட குரல்.

"நீ சாப்பிட்டியாடி?" என்று அந்தக் குரல் தங்கையிடம் கேட்டது. பதிலாக ஒரு விசும்பல் வந்தது.

அவள் கத்தினாள். கத்துவதற்கு வாய் இல்லை. பையின் உட்புறத்தில் ஒரு குமிழி எழுந்து உடைந்தது. அவ்வளவுதான்.

குழாயை இறுக்கினார்கள். வெட்டினார்கள். கால்கள் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு, தங்கையின் கால்களோடு சேர்ந்து மெதுவாக நடந்தன. வாசலருகே தங்கை மட்டும் நின்றாள்.

"இந்த ரத்தத்தை வேற யாருக்காவது ஏத்துவீங்களா?"

"இல்லீங்க. இங்க குப்பைக்குத்தான் போகும்."

தங்கை திரும்பிவந்து குனிந்தாள். முகம் சவ்வை ஒட்டி வந்தது. விழுந்துகிடக்கும் விற்பனைப் பெண்களை அக்கா பார்ப்பாளே, அப்படியொரு பார்வை. இவ்வளவு நாள் எங்கே வைத்திருந்தாள் இதை?

குமிழி இன்னொன்று எழுந்தது. தங்கை அதைக் கண்ணால் தொடர்ந்தாள். அது உடையும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சீக்கிரம் போட்டுடுங்க," என்றாள்.

மஞ்சள் குப்பைத்தொட்டியின் மூடி திறந்தது. விழுந்தாள். சில்லென்றிருந்தது. மேலே மூடி இறங்கியது. இருட்டு.

சுற்றிலும் பைகள். ஆறிப்போனவை.

கொஞ்ச நேரம் கழித்து, அடியில் கிடந்த ஒன்று மெல்ல நகர்ந்து அவளுக்கு இடம் விட்டது.