மலையடியில் ஒரு கட்டம் சாலை

புதுக் கம்ப்யூட்டர் பெட்டி வந்த பிறகும் திரையின் மூலையில் இருந்த எண் ஏழைத் தாண்டவில்லை.

அறுபதைக் காட்ட வேண்டிய இடம் அது. ஒரு நொடிக்குள் அறுபது படங்கள் ஓடினால்தான் விளையாட்டில் கார் ஓடுவதுபோல ஓடும், ஆள் நடப்பதுபோல நடப்பான். ஏழு என்றால் கார் இங்கே நிற்கும். மறுபடி பார்த்தால் இரண்டு விரற்கடை தள்ளி அங்கே நிற்கும். இடையில் அது எப்படிப் போனது என்பதற்குச் சாட்சியே இருக்காது.

அவன் லிஃப்ட் மெக்கானிக். காரணமில்லாமல் எந்த இயந்திரமும் மெதுவாகாது என்பது பதினாறு வருடத் தொழில் சொல்லிக்கொடுத்த பாடம். அதனால் சளைக்காமல் ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தான். முதலில் ராம், பிறகு கிராபிக்ஸ் கார்டு, பிறகு ப்ராசஸர். கடைசியில் பழையதை ஓரங்கட்டிவிட்டு முழுதாகவே புதுக் கம்ப்யூட்டர். மூடியின்மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தான். ஜில்லென்று இருந்தது. உள்ளே விசிறி சுற்றுகிறதா என்றே தெரியவில்லை. அதுதான் அவனுக்கு முதலில் பிடிக்காமல் போன விஷயம். திணறுகிற இயந்திரம் சூடாக வேண்டும். இது வியர்க்காமலே திணறியது.

"பொண்ணு வாய் திறக்கலைன்னா டாக்டர்கிட்ட காட்டணும். நீங்க என்னடான்னா பொட்டிக்கு வைத்தியம் பாக்குறீங்க," என்று மனைவியின் அக்கா போனில் சிடுசிடுத்தாள். அவனும் டாக்டரிடம் காட்டியிருந்தான். "எதைப் பார்த்தா பேசுதோ, அதை மட்டும் நிறுத்திடாதீங்க," என்பதுதான் டாக்டரே சொன்னது.

மகளுக்கு எட்டு வயது. வீட்டில் கூப்பிடுவது கடுகு என்று. உருவம் அத்தனை சிறிது, வாய் அத்தனை காரம். அம்மா ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வராத நாள் முதல் அந்தக் காரம் அடங்கிவிட்டது. பள்ளியில் பேச்சில்லை, சாப்பாட்டு மேஜையில் பேச்சில்லை, தலையாட்டல் மட்டும். ஒரே ஓர் இடத்தில்தான் வாய் திறந்தாள். இந்த ஊர் கட்டும் விளையாட்டின் முன்னால். சாலை போட்டு, தண்ணீர் கொடுத்து, மனை ஒதுக்கினால் போதும், குட்டி மனிதர்கள் தாமாகவே குடிவந்து, வேலைக்குப் போய், வயதாகி, சாகவும் செய்கிற ஊர். அவன் பக்கத்தில் முக்காலியைப் போட்டு, அவன் கையில் சாய்ந்துகொண்டு, "அப்பா, இந்த ஆளு மூணு பஸ் மாறிப் போறான் பாரு, லூசு," என்பாள். "அங்க ஒரு பள்ளிக்கூடம் வை. ஆனா டீச்சர் வேணாம்," என்பாள். அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் அவன் நாள் முழுக்க லிஃப்ட் குழிகளில் இறங்கி ஏறினான்.

படம் திக்க ஆரம்பித்ததும் அவள் பேச்சும் திக்கியது. எண் பத்துக்குக் கீழே இறங்கியதும் நின்றே போனது. இன்றோடு பதினோரு நாள். ஒரு சொல் இல்லை. முக்காலியில் வந்து உட்காருவாள், கையில் சாய்வாள், திரையையே பார்ப்பாள். அவ்வளவுதான்.

அவனும் பார்த்தான். பார்க்கப் பார்க்க இன்னொன்று கண்ணில் பட்டது. படம் உறையும் ஒவ்வொரு முறையும் அவன் ஏதாவது ஒரு தெருவை நெருக்கிப் பார்ப்பான். கடை வாசலில் ஒருவன், பஸ் நிறுத்தத்தில் நாலு பேர், பூங்காவில் நாயோடு ஒரு பெண். ஓடும்போது ஆளுக்கொரு திசையில் போகிறவர்கள், உறையும்போது மட்டும் ஒரே பக்கம் முகத்தைத் திருப்பியிருந்தார்கள். வடக்குப் பக்கம். மலையடிவாரத்தை நோக்கி.

தற்செயலாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டான். நாயும் அந்தப் பக்கம்தான் பார்த்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கம்ப்யூட்டர் கடைக்காரர் வீட்டுக்கே வந்தார். மழை பிடித்துக்கொண்டிருந்தது. ஈரக் குடையை வாசலில் சாய்த்துவிட்டு, பெட்டியைத் தட்டிக் கொடுத்தார்.

"சார், இதுல ராக்கெட்டே விடலாம். பொட்டியில கோளாறு இல்ல. ஊர்லதான் ஏதோ கோளாறு."

"ஊர்லயா?"

"இருங்க, பாத்துருவோம்." ஏதோ ஒரு சின்ன மென்பொருளைப் போட்டார். திரையின் ஓரத்தில் ஒரு பட்டியல் விரிந்தது. அவர் சிரிப்பு பாதியில் நின்றது. "என்ன சார் இது? ஜனத்தொகை முப்பத்தொன்பதாயிரம். அவ்வளவு பேரும் வேலைக்குப் போறது வர்றது எல்லாம் சேர்த்து இந்தா, இந்த ஒரு துளி. மிச்ச சக்தி மொத்தமும் ஒரே ஒரு ஆளுக்குப் போகுது."

"ஒரு ஆளுக்கு எதுக்கு அவ்வளவு?"

"வழி கிடைக்கல அந்த ஆளுக்கு. வீட்டுக்குப் போகணும், ரோடு எங்கயோ அறுந்திருக்கு. மத்தவங்கன்னா ரெண்டு தடவை தேடிட்டு விட்டுருவாங்க. இது விடவே இல்ல. ஒவ்வொரு நொடியும் முதல் தெருவுல இருந்து கடைசித் தெரு வரைக்கும் தேடுது, மறுபடி முதல்ல இருந்து தேடுது. என் மாமியார் மூக்குக்கண்ணாடியக்கூட இப்படித் தேடமாட்டாங்க." எழுந்து குடையை எடுத்தார். "பொட்டிய எத்தனை தடவை மாத்தினாலும் அவ்வளவையும் அதுவே தின்னுடும் சார். எங்க அறுந்திருக்குன்னு பாத்து ஒரு கட்டம் ரோடு போட்டு விடுங்க. பத்து செகண்ட் வேலை."

அவர் போன பிறகு லிஃப்ட் இறங்கும் ஓசை கேட்டது. பிறகு மழை மட்டும்.

எங்கே அறுந்திருக்கிறது என்று அவன் தேட வேண்டியிருக்கவில்லை. அறுத்தவனே அவன்தான்.

அந்த ஊரில் கடுகு ஒரு வீட்டுக்குச் சிவப்புக் கூரை போட்டு, அதில் குடிவந்த மூன்று பேருக்கும் பெயர் வைத்திருந்தாள். அப்பா, அம்மா, நான். நிஜ அம்மா போன ஒன்பதாம் நாள் விளையாட்டில் இருந்த அம்மாவும் இறந்துபோனாள். விளையாட்டுக்கு என்ன தெரியும், அதன் கணக்கில் யாரோ ஒருவருக்கு அன்று முறை வந்திருக்கும். ஆனால் கறுப்பு வண்டி சிவப்புக் கூரை வாசலில் வந்து நின்றதையும், மலையடிவாரக் கல்லறைத் தோட்டத்துக்குத் திரும்பிப் போனதையும் குழந்தை கண் கொட்டாமல் பார்த்தாள். அன்று அவள் தூங்கிய பிறகு அவன் கல்லறைக்குப் போகும் சாலையில் ஒரே ஒரு கட்டத்தை இடித்துவிட்டான். வேறு கல்லறை ஒன்றை ஊரின் மறுகோடியில், கண்ணில் படாத மூலையில் வைத்தான். இனி அந்தக் கறுப்பு வண்டி தெருப்பக்கம் வராது. செத்தவர்களுக்குச் சாலை எதற்கு என்று நினைத்தான்.

இப்போது, கடுகு முக்காலியில் வந்து அவன் கையில் சாய்ந்திருக்க, திரையை மெல்ல மெல்ல வடக்கே நகர்த்தினான். எண் ஏழிலிருந்து ஐந்துக்கு இறங்கியது. மூன்று. கல்லறை வாசலில், அறுந்த சாலையின் விளிம்பில், கறுப்பு வண்டி முகத்தை ஊர்ப்பக்கம் திருப்பியபடி நின்றிருந்தது. அதன்மேல் சொடுக்கினான்.

பயணி: அம்மா. சேருமிடம்: வீடு. நிலை: வழி தேடுகிறார்.

மூடிவிட வேண்டும் என்றுதான் தோன்றியது. ஊரையே அழித்துவிட்டுப் புதிதாக வேறொன்று தொடங்கலாம். கை அந்தப் பக்கம் நகர்ந்தும் விட்டது.

"ரோடு போடுப்பா."

பதினோரு நாளுக்குப் பிறகு வந்த குரல். கொஞ்சம் கரகரத்து, துருப்பிடித்து. அவனுக்குக் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது.

"என்னடா சொன்ன?"

"போடுப்பா. பாவம்ல."

அந்தக் குரலை மறுபடி கேட்பதற்கு எட்டு மாடிக் கம்பியில் தொங்கச் சொன்னாலும் தொங்கியிருப்பான். ஒரு கட்டம் சாலை, என்ன பெரிய விஷயம். போட்டான்.

எண் துள்ளியது. இருபது, நாற்பது, ஐம்பத்தெட்டு, அறுபது. ஊர் முழுவதும் ஒரே மூச்சில் உயிர் பெற்றது. கார்கள் வழுக்கிக்கொண்டு ஓடின, மரங்கள் அசைந்தன, பூங்காவில் நாய் ஓடியது. கடுகு கைகொட்டிச் சிரித்தாள். சிரித்துவிட்டுப் பேச ஆரம்பித்தாள், அணை உடைந்ததுபோல. "அந்தப் பஸ்ஸப் பாரு, எவ்வளவு ஸ்பீடு! அந்தத் தாத்தா விழுந்துடுவாருப்பா! என் கிளாஸ்ல ஒருத்தி இருக்கா, வாய மூடவே மாட்டா, நானே பரவால்ல தெரியுமா..." அவன் சிரித்தான். அவள் எடை அவன் கையில் கதகதப்பாகச் சாய்ந்திருந்தது. இவ்வளவுதானா, இதற்கா இத்தனை நாள் என்று நினைத்தான்.

கறுப்பு வண்டி பாலம் தாண்டியது. கடைத்தெரு தாண்டியது. அவசரமே இல்லாமல், ஒரு குலுங்கல்கூட இல்லாமல், வழி தெரிந்த வண்டியாக வந்தது.

அதே நேரம் வெளியே லிஃப்ட் கிளம்பும் ஓசை கேட்டது.

ஞாயிறு மாலை, யாரோ வருகிறார்கள். ஆனால் அவனுக்குக் காதுதான் தொழில். ஆள் இருக்கும் லிஃப்ட் ஏறுவது வேறு, காலி லிஃப்ட் ஏறுவது வேறு. கம்பியின் இழுப்பிலேயே எடை தெரிந்துவிடும். ஏறி வந்தது காலி. மூன்றாம் மாடி, நாலாம் மாடி. ஐந்தில், அவர்கள் மாடியில் நின்றது. கதவு திறந்தது. ஈரத் துணியும் ஆஸ்பத்திரிப் பினாயிலும் கலந்த வாசம் கதவின் அடியிலிருந்து மெல்ல ஊர்ந்து வந்தது. காலடி இல்லை. அழைப்பு மணி இல்லை. கதவு மூடவும் இல்லை.

காத்திருந்தது.

திரையில், சிவப்புக் கூரை வாசலில் வண்டி நின்றிருந்தது. பின்கதவு திறந்தது. யாரும் இறங்கவில்லை.

வீட்டுக்குள்ளிருந்து குட்டி உருவம் ஒன்று வெளியே வந்தது. இடப்பக்கம் பார்த்தது. வலப்பக்கம் பார்த்தது. சாலையைக் கடக்கச் சொல்லிக்கொடுத்த பிள்ளை மாதிரி. வண்டியில் ஏறியது.

வீட்டின்மேல் எழுத்து மாறியது. குடியிருப்போர்: ஒருவர்.

"நான் போயிட்டு வரேம்ப்பா," என்றாள் கடுகு. பள்ளிக்குக் கிளம்பும்போது சொல்கிற அதே குரலில்.

அவன் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கத் துணியவில்லை. அவள் இன்னும் அவன் கையில்தான் சாய்ந்திருந்தாள். சாய்ந்திருந்தாள், ஆனால் கையில் எடை இல்லை. சட்டைத் துணி தெரிந்தது, சூடு தெரியவில்லை.

வெளியே லிஃப்ட் கதவு மூடியது. இறங்கத் தொடங்கியது.

இப்போது காலி இல்லை. அவன் காது சொன்னது. மிகச் சிறிய எடை. இருபது கிலோ, இருபத்தொன்று.

"கடுகு."



எழுந்து ஓடியிருக்கலாம். படியில் பாய்ந்திருக்கலாம். ஆனால் திரையில் வண்டி பாலத்தை நெருங்கிவிட்டிருந்தது, வழுக்கிக்கொண்டு, அழகாக, அறுபதில், பின்கண்ணாடியில் இரண்டு தலைகள். கை தானாகவே பழகிய வேலையைச் செய்தது. எந்த விளையாட்டுக்காரனும் செய்கிறதைச் செய்தது. இடிக்கும் கருவியை எடுத்தான். வண்டிக்கு முன்னால் ஒரு கட்டம், பின்னால் ஒரு கட்டம்.

இடித்தான்.

வண்டி நின்றது.

லிஃப்ட் குழியில் பிரேக் அலறியது. நாலாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவே. பிறகு ஓசை இல்லை.

எண் சரிந்தது. நாற்பது. ஒன்பது. இரண்டு. ஒன்று.

மழைச் சத்தம் துண்டு துண்டாக விழுந்தது. ஒரு துளி. நெடிய இடைவெளி. ஒரு துளி.

அப்போதுதான் திரும்பினான்.

முக்காலியில் கடுகு இருந்தாள். முகம் திரையைப் பார்த்திருந்தது. அவன் மூச்சு விட்டான். முகம் கால்வாசி அவன் பக்கம் இருந்தது. திரும்பவில்லை, இருந்தது. இன்னொரு மூச்சு. பாதி. இடையில் எதுவும் இல்லை. கண்கள் அவனை வந்தடையவில்லை, ஆனால் வந்துகொண்டிருந்தன. அவள் தோளைத் தொட்டான். விரலுக்கு அடியில் இருந்தாள். இல்லை. இருந்தாள்.

சாலையைப் போட்டால் போய்விடுவாள்.

போடாவிட்டால்.

மூடிய திரைச்சீலையில் வெளிச்சம் மாறியது, மறுபடி மாறியது. அவனால் கணக்கு வைக்க முடியவில்லை. கை சுட்டியின்மேல் மரத்துப்போயிருந்தது. அவள் முகம் இப்போது முக்கால்வாசி அவன் பக்கம். கன்னத்தில் கண்ணீர் ஒன்று இறங்காமல் நின்றிருந்தது. உதடுகள் பிரிந்திருந்தன, ஒரு சொல்லின் முதல் எழுத்துக்காக, அகலமாக, இன்னும் கொஞ்சம் அகலமாக, சத்தம் மட்டும் இன்னும் வந்து சேராமல்.