வருகை இருபத்தேழு

திட்டக்குடிக்குப் பக்கத்தில் இருந்த அந்தப் பள்ளிக்கூடம் அன்று கல்யாண வீடு மாதிரி இருந்தது. குழந்தைத் தொழிலாளர் எதிர்ப்பு நாள் விழா. வாசலில் கதவைவிடப் பெரிய ஃபிளெக்ஸ். அதில் கல்குவாரி முதலாளி பக்கிரிசாமி 'கல்வி வள்ளல்' என்ற பட்டத்தோடு கும்பிட்டுக்கொண்டிருந்தார். பட்டம் கொடுத்தது யார் என்று யாருக்கும் தெரியாது. ஃபிளெக்ஸ் வைத்தது அவரேதான் என்று எல்லோருக்கும் தெரியும்.

ஆறாம் வகுப்பு அறைதான் பெரியது. அதனால் விழா அங்கேயே. வகுப்பு லீடர் இளமதி, தினமும் எழுதுவதுபோலக் கரும்பலகை ஓரத்தில் எழுதினாள்: பதிவு 28, வருகை 27.

தலைமையாசிரியர் கோவிந்தசாமி ஓடி வந்தார். "ஆபீசர் வராங்கம்மா! இருபத்தெட்டுன்னு மாத்து."

"அருள்மொழி வரலையே சார்."

"பேரு இருக்குல்ல? பேரு இருந்தா ஆளு வந்த மாதிரிதான்."

பள்ளி திறந்த நாளிலிருந்தே அருள்மொழி வரவில்லை. குவாரியில் ஜல்லி உடைக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை இளமதி பார்க்கப் போனபோது, ஒரு வாக்கியம் பேசுவதற்குள் நான்கு தடவை இருமினாள். கண்ணிமையெல்லாம் வெள்ளைப் பொடி.

"நானும் வந்தாதான் அம்மாவுக்கு வேலயாம்டி," என்றாள். "இனிமே ஸ்கூலு எனக்கு இல்ல."

இளமதி சாக்பீஸைக் கீழே வைத்தாள். எண்ணை மாற்றவில்லை.

விழா தொடங்கியது. எல்லோரும் வலது கையை நீட்டி உறுதிமொழி எடுத்தார்கள். பக்கிரிசாமியும் நான்கு மோதிரத்தோடு கையை நீட்டி, "குழந்தைகளை வேலைக்கு வைக்க மாட்டேன்" என்று மற்றவர்களைவிடச் சத்தமாகச் சொன்னார். பிறகு மைக்கைப் பிடித்தார்.

"குழந்தைங்க பூ மாதிரி..."

வாசலில் ஒரு டிப்பர் லாரி போனது. ஜன்னல் வழியே தூசி புகுந்தது. பூ மாதிரிக் குழந்தைகள் தும்மினார்கள். பக்கிரிசாமி மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"என்னய்யா இவ்ளோ தூசி! புள்ளைங்க ஒடம்பு என்னத்துக்கு ஆவும்?"

"ஒங்க லாரிதான் சார்!" என்றான் பின்வரிசை இளவரசு.

தலைமையாசிரியர் அவசரமாகக் கை தட்டினார். எல்லோரும் தட்டினார்கள்.

தொழிலாளர் துறை அதிகாரி தாட்சாயிணி மட்டும் தட்டவில்லை. கரும்பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "வராத ஒரு புள்ள யாரு?"

"லேசா காய்ச்சல் மேடம்," என்றார் தலைமையாசிரியர்.

இளமதி எழுந்தாள். "காய்ச்சல் இல்ல மேடம், இருமல். அருள்மொழி ஜல்லி ஒடைக்குது."

"எங்க?"

"அய்யாவோட குவாரியில."

பக்கிரிசாமி சிரித்தார். "அது அம்மாவுக்குத் தொணையா வந்து ஒக்காந்திருக்கும் மேடம். பாசம்!"

"தொணைக்கு ஒக்காந்தா கையில சுத்தியல் எதுக்கு சார்?" என்றாள் இளமதி.

தாட்சாயிணி எழுந்தார். "வாங்க, அந்தப் பாசத்தப் பாத்துட்டு வருவோம்."

"பிரியாணி ரெடியா இருக்கு மேடம்..."

"ஆறட்டும்."

குவாரியில் அருள்மொழி தனியாக இல்லை. இன்னும் நான்கு பேர் சுத்தியலோடு இருந்தார்கள். ஐந்து பேரையும் ஜீப் நேராக அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோனது. நெஞ்சைப் படம் எடுத்த டாக்டருக்கு வந்ததே கோபம்! "இது வெளயாடுற புள்ளைங்க நெஞ்சு. இதுல யாரு கல்லுப் பொடிய ரொப்புனது?"

பக்கிரிசாமிமேல் வழக்குப் பதிவானது. பிள்ளை வந்தால்தான் வேலை என்று இனி அம்மாக்களிடம் சொல்ல மாட்டேன் என்று தாட்சாயிணி எழுதி வாங்கினார். வள்ளல் அதே நான்கு மோதிரக் கையால் கையெழுத்துப் போட்டார்.

ஒன்றரை மாதம் மருந்து சாப்பிட்டுவிட்டு அருள்மொழி வகுப்புக்கு வந்தாள். தமிழ் டீச்சர் பாடத்தை அவளிடம் கொடுத்தார். "முடிஞ்ச வரைக்கும் படி கண்ணு, போதும்."

அருள்மொழி எழுந்து படித்தாள். நடுவில் ஒரே ஒரு தடவை இருமினாள். இளமதி தண்ணீர் பாட்டிலோடு பாதி எழுந்துவிட்டாள். அருள்மொழி தலையாட்டி மறுத்துவிட்டு, விட்ட வரியைப் பிடித்துக் கடைசிவரை படித்தாள்.

பிறகு நிமிர்ந்து கேட்டாள்:

"அடுத்த பக்கமும் நானே படிக்கட்டா டீச்சர்?"