கிழக்கே ஐந்து நாள், மேற்கே ஐந்து நாள்

தாலி ஒன்றுதான் இருந்தது. மாதங்கிகள் இரண்டு பேர் நின்றார்கள்.

மதுரைப் பிரிகூடத்தில் இது அன்றாடம் நடக்கிற கூத்து. பிரிவி எந்திரம் உயிருள்ள உடம்பை மட்டும்தான் இரட்டிக்கும். துணி, நகை, மூக்குக்கண்ணாடி, பொய்ப்பல் இவையெல்லாம் உள்ளே போனவரோடு அப்படியே வெளியே வரும். மறு கதவு வழியாக வருகிற இன்னொருவருக்குக் கூடத்தில் கொடுக்கிற பச்சை அங்கிதான் கதி. அங்கியோடு வெறுங்கழுத்தாக நின்ற மாதங்கி, தாலியோடு நின்ற மாதங்கியை ஒரு பார்வை பார்த்தாள் பாருங்கள்! கல்யாணமாகி நாலு நாள்தான் ஆகியிருந்தது.

கூடத்துப் பணிப்பெண் விசாலம் இதையெல்லாம் பதினோரு வருஷமாகப் பார்க்கிறவள். தட்டில் மஞ்சள் கயிற்றோடு வந்தாள்.

"இதுக்கெல்லாம் மூஞ்சியத் தூக்காதம்மா. எல்லாரும் கட்டுறதுதான். பச்சை அங்கி மாப்பிள்ளை, இங்க வாங்க. சட்டுபுட்டுனு மூணு முடிச்சப் போடுங்க, அடுத்த ஜோடி காத்துக்கிட்டு இருக்கு."

அங்கி போட்ட சேந்தன் முடிச்சுப் போட்டான். சட்டை போட்ட சேந்தன் பார்த்துக்கொண்டு நின்றான். தன் பெண்டாட்டி கழுத்தில் வேறு எவனோ தாலி கட்டுகிற மாதிரி இருந்தது. அந்த எவனோவும் தானேதான் என்று மனசுக்குச் சொல்லிப் பார்த்தான். மனசு கேட்கவில்லை.

எல்லாம் இந்தத் தேனிலவுப் பஞ்சாயத்தால் வந்தது. சேந்தன் குடிநீர் வாரியத்தில் பொறியாளர், மாதங்கி பள்ளிக்கூடத்தில் இயற்பியல் ஆசிரியை. இருவருக்கும் சேர்ந்தாற்போல் கிடைத்தது ஐந்தே நாள் விடுப்பு. அவளுக்கு அந்தமானில் நீல் தீவு பார்க்க வேண்டும். அவனுக்கு லட்சத்தீவில் மினிக்காய். ஒன்று கிழக்குக் கடலில், ஒன்று மேற்குக் கடலில். இரண்டுக்கும் போனால் நடுவில் ஒரு நாள் பயணத்திலேயே போய்விடும். மிச்சம் நாலு. ரெண்டு ரெண்டாகப் பிரிப்பதா, மூன்றும் ஒன்றுமாகப் பிரிப்பதா? "உங்க இஷ்டம்" என்று அவள் சொல்ல, "இல்ல, உன் இஷ்டம்" என்று இவன் சொல்ல, இந்த உபசாரத்திலேயே ஒரு நாள் போனது. கடைசியில் மாதங்கியின் சித்தப்பாதான், "இந்தக் காலத்துல போய் நாளைப் பிரிப்பாங்களா? ஆளைப் பிரிச்சுக்கங்க" என்றார்.

நியாயம்தானே? ஒரே முகூர்த்தத்தில் இரண்டு கல்யாணம் வந்தால் ஜனங்கள் பிரிந்துதான் போகிறார்கள். இரண்டு பந்தியிலும் சாப்பிட்டுவிட்டு வந்து சேர்ந்துகொள்கிறார்கள். ஆளுக்கு வருஷம் ஒரு தடவை அனுமதி. ஏழு நாளுக்குள் திரும்பிவிட வேண்டும், தாண்டினால் இரண்டு மூளையும் ஆளுக்கொரு பக்கம் போய்விடும், அப்புறம் ஒட்டாது. பிரிந்திருக்கும்போது இந்தப் பக்கத்து ஆள் அந்தப் பக்கத்து ஆளோடு பேசக் கூடாது. சேர்ந்த பிறகு உடம்பு ஒன்று, நினைவு இரண்டு வரிசை. எப்படி என்று கேட்டால் கூடத்தில் படம் போட்டு விளக்குவார்கள். இதுவரை யாருக்கும் விளங்கியதில்லை.

தாலி ஜோடி கிழக்கே போயிற்று, கயிற்று ஜோடி மேற்கே. பெட்டிகளை முன்கூட்டியே இரண்டிரண்டாகக் கட்டியிருந்தார்கள்; இரண்டு சேந்தன்களின் பெட்டியிலும் ஒரு வைட்டமின் டப்பா இருந்தது. அதற்குள் இருந்தது வைட்டமின் அல்ல.

சேந்தனுக்கு வலிப்பு உண்டு. கல்லூரியில் இரண்டு தடவை, அலுவலகத்தில் ஒரு தடவை. மாத்திரை ஆரம்பித்த பிறகு நாலு வருஷமாக எட்டிப்பார்க்கவில்லை. வரன் பார்க்கும்போது அவன் அம்மா தீர்மானமாகச் சொல்லிவிட்டாள்: "வராத நோயப் பத்தி நாம ஏன்டா வாயத் தொறக்கணும்? சொன்னா எவன் பொண்ணு குடுப்பான்?" மாத்திரையை டப்பா மாற்றிப் போட்டவளும் அவள்தான். நிச்சயத்துக்கு முன்னால் சொல்லிவிடலாம் என்றிருந்தான் சேந்தன். பிறகு கல்யாணத்துக்கு முன்னால் என்றிருந்தான். இப்போது தீவில் சொல்லலாம் என்று இருந்தான். பாவம், கெட்டவன் இல்லை. பயந்தவன்.

திங்கட்கிழமை போய் இறங்கினார்கள். செவ்வாய்க்கிழமை காலை எட்டரை மணிக்கு, டிபன் முடிந்ததும், நீல் தீவு விடுதித் தாழ்வாரத்தில் சேந்தன் மாத்திரையை வாயில் போட்டான். மாதங்கி பார்த்துவிட்டாள்.

"என்ன மாத்திரைங்க அது?"

அதே நேரம் மினிக்காய் விடுதியிலும் சேந்தன் மாத்திரை போட்டான். அங்கேயும் மாதங்கி பார்த்தாள், அதையே கேட்டாள்.

மினிக்காயில் விடுதிக்கார அம்மாள் அந்த நேரம் பார்த்துத் தலையை நீட்டி, "இளநீர் வெட்டட்டுமா?" என்றாள். "ரெண்டு வெட்டுங்க" என்று சேந்தன் திரும்பினான். அந்த ஒரு மூச்சு நேரம் போதுமாக இருந்தது. "வைட்டமின்" என்றான்.

"எனக்கும் ஒண்ணு குடுங்க. முடியா கொட்டுது."

"இது ஆம்பளைங்களுக்கு."

"அடேயப்பா! வைட்டமின்லகூடவா?" மாதங்கிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. அன்றிலிருந்து திரும்புகிற வரைக்கும் அவனை "ஆம்பளை வைட்டமின்" என்றுதான் கூப்பிட்டாள்.

நீல் தீவில் யாரும் இளநீர் வெட்ட வரவில்லை. கடல் மட்டும் சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. மாதங்கி பதிலுக்காக அவன் முகத்தையே பார்த்தாள். டப்பாவை மூடினான். "வலிப்புக்கு" என்றான்.

முழுக்கச் சொன்னான். மாதங்கி கேட்டு முடித்தாள்.

"உங்க அம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"உங்க அக்காவுக்கு, மாமாவுக்கு?"

"தெரியும்."

"அப்ப எங்க வீட்டுக்கு மட்டும்தான் தெரியாது. நல்லா இருக்குங்க உங்க நியாயம்." எழுந்து உள்ளே போனாள். அதற்குப் பிறகு பேசவில்லை.

அன்றைக்குப் பேசவில்லை, புதன் பேசவில்லை, வியாழன் பேசவில்லை. தனி மேசையில் சாப்பிட்டாள். சேந்தன் கரையில் உட்கார்ந்து மற்ற ஜோடிகள் தண்ணீரில் கும்மாளம் போடுவதைப் பார்த்தான். அவனுக்குக் கடலில் இறங்க டாக்டர் தடை. மினிக்காயில் அந்தத் தடை செல்லுபடியாகவில்லை. "தண்ணி எனக்கு ஒத்துக்காது" என்று அங்கே இருந்தவன் மழுப்பினான். "ஆம்பளை வைட்டமின் சாப்பிட்டுட்டு என்ன பயம்?" என்று கையைப் பிடித்துக் கழுத்தளவுத் தண்ணீருக்கு இழுத்துப் போனாள் மாதங்கி. சிரித்துக்கொண்டே கரை எவ்வளவு தூரம் என்று பார்த்துக்கொண்டான். ஆனாலும் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியாது: சேந்தன் வாழ்க்கையிலேயே சந்தோஷமாக இருந்த ஐந்து நாள் அதுதான். ராத்திரி சாப்பாட்டில் அவள் மீனில் முள் பார்த்து ஊட்டிவிட்டாள்.

'அங்கே இருப்பவனும் நான்தானே, அவனும் வாயைத் திறந்திருக்க மாட்டான்' என்று மினிக்காய்ச் சேந்தன் தைரியமாக இருந்தான். 'அங்கே இருப்பவனும் நான்தானே, அவனும் சொல்லித் தொலைத்திருப்பான்' என்று நீல் தீவுச் சேந்தன் அவனுக்காகவும் சேர்த்து வருத்தப்பட்டான்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் நீல் தீவில் மாதங்கி தானாக வந்து அவன் பக்கத்தில் மணலில் உட்கார்ந்தாள். கேட்டாள்.

"அது வரும்போது வலிக்குமா?"

சேந்தனை இதுவரை யாரும் இதைக் கேட்டதில்லை. பெற்ற அம்மாகூடக் கேட்டதில்லை.

"வரும்போது ஒண்ணும் தெரியாது. முழிச்சுப் பாக்கும்போது சுத்தி நின்னு எல்லாரும் நம்மளையே பாத்துக்கிட்டு இருப்பாங்க. அதுதான் வலிக்கும்."

அவள் அவன் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். இருட்டும்வரை அப்படியே இருந்தார்கள். அவர்களுடைய தேனிலவு மொத்தமும் அந்த ஒரு மணி நேரம்தான்.

சனிக்கிழமை காலை நாலு பேரும் கூடத்துக்குத் திரும்பினார்கள். நாலு பேர் உள்ளே போய், இரண்டு பேர் வெளியே வந்தார்கள். சேர்ந்த புதிதில் தலைக்குள் இரண்டு வானொலி ஒன்றாகப் பாடும், கொஞ்ச நேரத்தில் தெளியும். தெளிந்தபோது சேந்தன், "ஐயோ" என்று வாய்விட்டே சொல்லிவிட்டான். எதிர் பெஞ்சில் மாதங்கி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒரே நாள், ஒரே நேரம், நான் கேட்டது ஒரே கேள்வி" என்றாள். "நீல் தீவுல உண்மை, மினிக்காய்ல பொய். இதுல யாருங்க என் புருஷன்?"

"ரெண்டு பேரும்தான். ஏமாத்தணும்னு இல்ல மாதங்கி. அந்தம்மா இளநீர் வெட்டட்டுமான்னு கேட்டுச்சா, அதுக்குள்ள வாய் முந்திக்கிச்சு."

"இளநீர் மேல பழியப் போடாதீங்க!" என்றாள். "கழுத்தளவு தண்ணிக்கு இழுத்துட்டுப் போனேனே, அப்பக்கூடச் சொல்லத் தோணலையா? உங்களுக்கு ஏதாவது ஆயிருந்தா நான் என்ன பண்ணுவேன்?"

அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். துடைக்கத் துடைக்க வந்தது.

"உங்களைச் சொல்லி என்ன? என்னையே எனக்குப் பிடிக்கல. உண்மை சொன்ன மனுஷன்கிட்ட மூணு நாள் பேசாம இருந்தேன். பொய் சொன்னவருக்கு முள்ளு பாத்து ஊட்டிவிட்டேன். நான்லாம் என்ன பொம்பளை?"

விசாலம் இரண்டு சீட்டோடு வந்தாள்.

"தேனிலவு ஜோடின்னா பாதிப் பேர் இப்படித்தான் வந்து அழுவுறீங்க. அதுக்குத்தான் மறதியறை இருக்கு. சேர்ந்து ஒரு மணி நேரத்துக்குள்ள போனா, ரெண்டுல ஒரு தீவை அழிச்சுக்கலாம். இப்ப போட்ட சண்டையும் அதோடவே போயிரும். எதை அழிக்கிறதுன்னு ஆளுக்கு ஆள் தனியா முடிவு பண்ணணும், கலந்து பேசக் கூடாது. அழிக்காமலும் போகலாம், உங்க விருப்பம். ஆனா அழிச்சது அழிச்சதுதான்."

தனித்தனிக் கதவு வழியாகப் போனார்கள்.

வெளியே வந்தபோது இருவருக்கும் முகம் கழுவிவிட்டாற்போல் இருந்தது. தானோட்டி வண்டி வந்தது, ஏறிக்கொண்டார்கள். வண்டி வைகைப் பாலம் தாண்டுகிற வரைக்கும் மாதங்கி கையிலிருந்த சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ஏங்க, நான் நீல் தீவை அழிச்சிருக்கேன். எவ்வளவு ஆசைப்பட்டுக் கேட்ட தீவு! எதுக்கு அழிச்சேன்? நீங்க எதை அழிச்சீங்க?"

"மினிக்காய். அங்க என்ன ஆச்சு?"

"அங்க ஒண்ணுமே ஆகலையே! சிரிச்சு சிரிச்சு வயித்துவலிதான். தினமும் கடல்ல குளிச்சோம். நீங்க முதல்ல பயந்தீங்க, நான்தான் இழுத்துட்டுப் போனேன்."

"நான் கடல்ல குளிச்சேனா?"

சேந்தன் கணக்குப் போட்டுப் பார்த்தான். கடலில் இறங்கினான் என்றால், ஏன் இறங்கக் கூடாது என்று அவளுக்குத் தெரியாது. தெரியாது என்றால், அங்கே அவன் சொல்லவில்லை. சொல்லாத தன்னைத்தான் அழித்துவிட்டு வந்திருக்கிறான். அவனிடம் பேசாமல் இருந்த தன்னை அவள் அழித்திருக்கிறாள். ஆளுக்கு ஆள் தன் தப்பை மறந்தாயிற்று. நீல் தீவில் நடந்தது தெரிந்த ஆள் இப்போது அவன் ஒருவன்தான்.

"பேச்ச மாத்தாதீங்க. நீல் தீவுல என்ன ஆச்சு? சண்டையா?"

சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை, ஐந்து நாளும் வயிற்றுப்போக்கு, அதுதான் அழித்திருப்பாய் என்று சொல்லிவிட்டுப் போகலாம். முக்கால்வாசிப் பேர் அதற்குத்தான் அழிக்கிறார்கள். இல்லை என்று சொல்ல உலகத்தில் யாரும் இல்லை. அவள் சிரித்துவிட்டு அவன் தோளில் சாய்ந்துகொள்வாள். சேந்தன் அவள் முகத்தைப் பார்த்தான். ஐந்து நாள் சந்தோஷம் இன்னும் அதில் அப்படியே இருந்தது. அந்தச் சந்தோஷத்தைக் கொடுத்தவனை அவனுக்கே தெரியாது.

"எனக்கு வலிப்பு இருக்கு, மாதங்கி."

முழுக்கச் சொன்னான், அம்மா டப்பா மாற்றியதிலிருந்து. ஒரு தடவை சொல்லிப் பழகிய விஷயம்தானே என்று ஆரம்பித்தான். முதல் தடவையைவிடக் கஷ்டமாக இருந்தது.

அவள் சீட்டை மடக்கினாள். ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டாள். வண்டி வீட்டு வாசலில் நின்றது. ஆரத்தித் தட்டோடு அவன் அம்மா வெளியே வருவது தெரிந்தது. மாதங்கி அவனைப் பார்க்காமலேயே இறங்கினாள்.

இன்று சனிக்கிழமை. மூணு நாள் கழித்து, செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வந்து பக்கத்தில் உட்கார்ந்து 'வலிக்குமா' என்று கேட்பாள் என்று சேந்தன் நம்பினான். நீல் தீவில் கேட்டவளும் இவள்தானே.